பானெட்டுக்கு அந்தப் பக்கம்

“தெரியுதா?”

“தெரியல சார்.”

“இப்ப?”

“இல்ல.”

சோதனைப் பொறியாளர் கம்பத்தை இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளினார். எண்பது சென்டிமீட்டர் உயரக் கம்பம். உருளும் பலகையில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். ஓர் ஆள் குந்தி உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம். நடக்கப் பழகிய குழந்தையும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். கம்பத்தை முதலில் வண்டியின் பம்பரை ஒட்டி வைத்து, பிறகு மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே போவார். ஓட்டுநர் சீட்டில் இருப்பவர் கண்ணில் சிவப்பு பட்டதும் குரல் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் தரையில் கோடு போட்டு அளப்பார்கள்.

“தெரியுது” என்றாள் அவள்.

பொறியாளர் நாடாவைப் பிடித்துப் பார்த்தார். பார்த்ததையே மறுபடியும் பார்த்தார். “மூணு மீட்டர் நாற்பது” என்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. கம்பெனியின் விதி இரண்டு மீட்டர். அதற்குமேல் ஒரு விரற்கடை போனாலும் வண்டி தேறாது.

அவள் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவளே இல்லை. அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பகுதியில் பதின்மூன்று வருடமாக போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுப்பவள். உயரம் நாலடி பத்து அங்குலம். வண்டியை உயரமானவர்களும் ஓட்டுவார்கள், குள்ளமானவர்களும் ஓட்டுவார்கள் அல்லவா? சோதனைப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆஜானுபாகுவான ஆண்கள். கால் பெடலுக்கு எட்டுகிறதா என்று பார்க்க ஒருநாள் அவளை இரவல் கேட்டார்கள். லைசென்ஸும் வைத்திருந்தாள். அதன்பின் எந்தப் புது வண்டி வந்தாலும் ஸ்டோர்ஸுக்குப் போன் வரும். தொழிற்சாலை முழுக்க அவளுக்கு ‘அளவுகோல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கணவனோ ஆறடி ஒரு அங்குலம். அதே தொழிற்சாலையில் யார்டு ஓட்டுநர். தயாராகி வெளியே வரும் வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்துகிற வேலை. அவனை எல்லோரும் நெட்டை என்றார்கள். “உங்க ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா சரியா ஒரு ஆள் வரும்” என்று கேன்டீனில் ஜோக் அடிப்பார்கள்.

அன்று அவள் உட்கார்ந்திருந்தது புது பிக்கப் வண்டி. பழைய பிக்கப்பில் இன்ஜின் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருந்தது. வெயில் காலத்தில் தொடை வெந்துவிடும். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் சாய்வான ஒரு தகடு மட்டும்தான்; அதைத் தாண்டினால் ரோடு. புது வண்டியில் இன்ஜினை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் வரைபடத்தில் தாழ்வான ஒரு இன்ஜின், முன் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்வதாக இருந்தது. பிறகு அதை விடப் பெரிய இன்ஜின் ஒன்று கைக்கு வந்தது. அது நிமிர்ந்து நிற்கிற ரகம். அதை மூடுவதற்காக பானெட் ஒரு சாண் உயர்ந்து, நடுவில் திமில் போல் ஒரு மேடும் வந்தது. வண்டியின் தலைமை வடிவமைப்பாளருக்கு அந்தத் திமில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எந்த வண்டி வரைந்தாலும் முகத்தை நீட்டி, தூக்கி வரைவதால் அவருக்கு ‘மூக்கு’ என்று பெயர். முன்னால் நின்று சார் என்பார்கள், பின்னால் போய் மூக்கு என்பார்கள்.

மூக்கு அன்று அங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“சீட் ரொம்பத் தாழ இருக்கு. அதான்” என்றார். “உயர்த்துற சீட் வருதுல்ல?”

“ஆர்டர் கொடுத்திருக்கோம் சார். இன்னும் வரல.”

“வந்தா பத்து சென்டிமீட்டர் ஏறும். அதுக்குப் பதிலா இப்ப ஒரு மெத்தையைப் போடுங்க. அவ்வளவுதானே?”

பொறியாளர் எங்கிருந்தோ ஒரு நுரை மெத்தையை எடுத்து வந்தார். அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலை விட்டு எழும்பித் தொங்கியது. கம்பம் மறுபடியும் பம்பரிலிருந்து புறப்பட்டது. இரண்டு மீட்டர் கோட்டை நெருங்கியபோதும் அவளுக்கு முன்னால் பானெட்டின் திமிலும் அதற்கு மேல் எதிர்ச் சுவரும்தான் இருந்தன.

“தெரியுதா அம்மா?” இம்முறை கேட்டது மூக்கு. குரலில் சர்க்கரை.

அவளுக்கு ஒரு பழக்கம். கூட்டத்தில், தியேட்டரில், ஊர்வலத்தில், எங்கே முன்னால் இருப்பவர் தலை மறைத்தாலும், கணவன் குனிந்து “தெரியுதா?” என்று கேட்டால் “தெரியுது” என்றே சொல்வாள். இல்லையென்றால் தூக்கிக் காட்டவா என்பான். நாலு பேர் சிரிப்பார்கள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தெரியவில்லை என்று சொல்வது தன் உயரத்தைத் தானே காட்டிக்கொடுப்பது மாதிரி அவளுக்கு.

ஸ்டோர்ஸ் வாசலில் அவளுக்காக ஒரு லாரி சரக்கு இறக்கக் காத்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை மெத்தையிலிருந்து கொஞ்சம் எழுப்பினாள். கழுத்தை நீட்டினாள். திமிலுக்கு மேலே சிவப்பு ஒரு நூலளவு எட்டிப் பார்த்தது.

“தெரியுது சார்.”

“ஒண்ணு தொண்ணூறு!” என்றார் பொறியாளர். அவள் எழும்பியதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். படிவத்தில் அவர் காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் லாரிக்கு ஓடினாள்.

நாலு மாதம் போயிற்று.

மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் யார்டு பக்கமிருந்து ஒரு ஹாரன் விடாமல் அலறியது. ஏதோ வண்டியில் ஒயர் ஒட்டிக்கொண்டது போல என்று நினைத்து அவள் கையிலிருந்த பெட்டியை அடுக்கப் போனாள். ஸ்டோர்ஸ் கதவில் ஒரு ஃபோர்க்லிஃப்ட்காரர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“அக்கா, நெட்டை அண்ணன்... ஒண்ணும் பதறாதீங்க. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. ஸ்டிக்கர் அக்காவை வண்டி நசுக்கிடுச்சு.”

ஸ்டிக்கர் அக்கா என்பவர் வண்டிகளின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் எண் சீட்டுகளைச் சரிபார்ப்பவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பிக்கப்பின் பின்கதவுக்குக் கீழே ஒரு சீட்டு இருக்கும். அதைப் படிக்க அவர் குந்தி உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது குந்தி எழுவார்.

அவள் ஓடிப் போனபோது ஆம்புலன்ஸ் கதவை மூடிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு வண்டிக்கும் அதன் பின்னால் நின்ற வண்டிக்கும் நடுவே தரையில் எழுது அட்டையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. பின்னால் நின்ற வண்டியின் ஓட்டுநர் கதவு திறந்தபடி இருந்தது. அவள் கணவன் கதவுக்கு வெளியே கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தான். அத்தனை பெரிய உடம்பு காற்று போன பை மாதிரி இருந்தது.

“பாக்கலம்மா” என்றான் அவளிடம். “எனக்குத் தெரியவே இல்ல.”

அவள் வண்டியைப் பார்த்தாள். உயர்ந்த பானெட், நடுவில் திமில்.

அன்று மாலையே அவனைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தார்கள். உள்ளே வரக்கூடாது, விசாரணைக்கு மட்டும் வரலாம். வீட்டுக் கூடத்தில் விளக்குகூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து அவன் அவளிடம் சொன்னான்.

“நான் எறங்கிட்டேனாம். கியர்ல விட்டுட்டு வண்டியைவிட்டு எறங்கிப் போயிட்டேனாம். அது தானா நகர்ந்து போய் மோதிச்சாம்.”

“யாருங்க சொன்னது?”

“பாதுகாப்பு அதிகாரி. ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காகிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு வந்திருக்காரு. ‘திரும்பிப் பாத்தேன், வண்டில ஆளே இல்ல’ன்னு அக்கா சொல்லியிருக்காங்க. ஏம்மா, நான் சீட்லதான் இருந்தேன். சத்தியமா இருந்தேன். முன்னாடி வண்டிக்கும் எனக்கும் ரெண்டு மீட்டருக்கு மேல எடைவெளி. அதை அடைக்கச் சொன்னாங்க. கண்ணாடியில பாத்தேன், ரெண்டு பக்கமும் பாத்தேன், கிளட்சை விட்டேன். என்னமோ இடிச்சுது. எறங்கி ஓடினேன். அப்பறம்தான் எல்லாரும் வந்தாங்க. கதவு தொறந்திருக்கு, நான் வெளிய நிக்கிறேன். பாத்தவங்க என்ன நெனப்பாங்க?”

“கேமரா இல்லையா?”

“அந்த மூலைக்கு இல்ல.” அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டான். “நான் சொன்னேன், பானெட் மறைச்சிருக்கும் சார்னு. சிரிக்கிறாரு. நாலடி பத்து அங்குலம் இருக்கிற ஒரு ஆளு உக்காந்து பாத்து, ரெண்டு மீட்டர்ல நல்லாத் தெரியுதுன்னு கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்காம். ‘அவங்களுக்கே தெரியும்போது ஆறடி உனக்கு எப்படிய்யா தெரியாமப் போகும்?’னு கேக்கறாரு.”

அவன் அந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். அளவுகோல் தொழிற்சாலையில் ஒருத்திதான். அவன் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இல்லை; கேள்விதான் இருந்தது. ‘உனக்கு உண்மையிலேயே தெரிஞ்சுதா?’

அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள். வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள். சொன்னால் அவளுக்கும் வேலை போகும். இரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதை விடவும், தான் போட்ட ஒரு கிறுக்கலால் ஒரு பெண்பிள்ளையின் கால் நசுங்கியது என்று தன் வாயாலேயே எப்படிச் சொல்வது? அவனும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் இருவரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்டிக்கர் அக்காவின் வலது தொடையில் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. கம்பி வைத்து, எடை தொங்கவிட்டுக் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பவில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

“வா. உக்காரு. உன் வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?”

“இருக்காருக்கா.”

“நான் வேணும்னு ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க, பாத்ததைச் சொன்னேன்.”

“என்னக்கா பாத்தீங்க? எனக்கு ஒரு தடவை சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “குந்தினேன். நம்பரைப் பாத்துட்டே இருக்கேன். பின்னாடி ஒரு வண்டி வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. யார்டு பூரா இன்ஜின் சத்தம், எது எதுன்னு தெரியாது. திரும்பிப் பாத்தேன். குந்தின மேனிக்குத்தான் பாத்தேன். பெருசா மூஞ்சி நிக்குது. அதுக்கு மேல கண்ணாடியோட ஓரம் கொஞ்சூண்டு. உள்ள ஆளைக் காணோம். சரி, நிறுத்திட்டுப் போன வண்டி போலன்னு மறுபடி நம்பரைப் பாத்தேன். ஒரு ஆளு தலை தெரிஞ்சிருந்தா உடனே எந்திரிச்சிருப்பேனே! முப்பது வருசமா வண்டிக்கு நடுவுலதானே கெடக்கேன்?”

அவளுக்கு மெத்தைமேல் எழும்பி எட்டிப் பார்த்தபோது தெரிந்த நூலளவுச் சிவப்பு ஞாபகம் வந்தது. சீட்டிலிருந்து கம்பத்தின் உச்சி தெரியாவிட்டால், கம்பத்தின் உச்சியிலிருந்து பார்க்கிறவருக்கு சீட்டில் இருப்பவர் கண்ணும் தெரியாது. ஒரே கோடுதானே! அக்கா சொன்னது நிஜம். அவன் சொன்னதும் நிஜம். பொய் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

“என்னடி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வாசல் வரைக்கும் வந்து, படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை விசாரணை. அவள் ஸ்டோர்ஸைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, சோதனைப் பொறியாளர் வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

“உங்களையும் கூப்பிடுவாங்க” என்றார். “பெருசா ஒண்ணுமில்ல. கையெழுத்து உங்களுதான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்துடுங்க.”

“உயர்த்துற சீட் வந்துச்சா சார்?”

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நான் உக்காந்த மெத்தைக்குப் பதிலா வர்றதா சொன்னீங்களே.”

“வரல. சீட்டை உயர்த்தினா கூரையையும் உயர்த்தணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் கேட்டேன், எழுதியும் கேட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க, நெட்டைக்கு மிஞ்சிப் போனா மூணு மாசம் வீட்ல இருக்கச் சொல்லுவாங்க. அப்பறம் எடுத்துக்குவாங்க. நீங்க மாத்திச் சொன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். இருநூறு வண்டி யார்டுல நிக்குது. அத்தனையையும் நிறுத்த யாரு விடுவாங்க? அதுவும் புருசனுக்காகச் சொல்றீங்கன்னுதான் பேசுவாங்க. ஒருத்தரும் நம்பப் போறதில்ல.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாகவும் தோன்றவில்லை அவளுக்கு. அதுதான் பயமாக இருந்தது.

கூட்ட அறையில் நீள மேசை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஒரு பக்கம் பாதுகாப்பு அதிகாரி, மூக்கு, பொறியாளர். மறுபக்கம் தனியாக அவள் கணவன். அந்த நாற்காலி அவனுக்குச் சின்னது. முழங்கால் மேசையில் இடித்தது.

அதிகாரி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க மேடம்.”

“நன்றி. நீங்க போகலாம்.”

அவள் எழுந்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். கதவுக்கும் மேசைக்கும் ஆறு அடி தூரம் இருக்கும். மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள்.

“மேடம், கையெழுத்து என்னுது. அதுல இருக்கிற அளவு பொய்.”

யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது.

“மெத்தை போட்டு உக்காந்தேன். அப்பவும் தெரியல. ஸ்டியரிங்கைப் பிடிச்சு எழும்பினேன். எழும்பி எட்டிப் பாத்துட்டுத் தெரியுதுன்னு சொன்னேன். சும்மா உக்காந்து பாத்தப்ப மூணு மீட்டர் நாற்பது.”

மூக்குதான் முதலில் பேசினார். “மேடம், இவங்க அவரோட மனைவி. நாலு மாசமா வாயைத் தொறக்கல. இன்னைக்குப் புருசன் மாட்டிக்கிட்டதும் மெத்தை, எழும்பினேன்னு கதை சொல்றாங்க. இதை எப்படி எடுத்துக்கறது?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அவர் கேக்கறது நியாயம்தானே? உங்களை நான் எதுக்கு நம்பணும்?”

“நம்ப வேண்டாம் மேடம்.” அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். “என்னை நம்பாதீங்க. அந்த வண்டி அங்கேயே நிக்குது. இவரை சீட்ல உக்கார வைங்க. சாவி உங்க கையில இருக்கட்டும். அக்கா குந்தி இருந்த எடத்துல நீங்க குந்திப் பாருங்க.”

கணவன் அவளைப் பார்த்தான். அந்த அறையில் அவன் தலை நிமிர்ந்தது அப்போதுதான்.

யார்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. விபத்து நடந்த இரண்டு வண்டிகளும் அப்படியே நின்றன. பாதுகாப்பு அதிகாரி தரையில் போட்டு வைத்திருந்த கோடுகளும் அழியாமல் இருந்தன. மோதிய வண்டியைப் பழைய இடத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். அவன் ஏறி உட்கார்ந்தான். உயரமான ஆள் என்பதால் சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளியிருந்தான்; கண்ணும் பானெட்டை விட்டு அவ்வளவு தள்ளிப் போயிருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்காமல் இருக்க வேறு வழியில்லை. யார்டு ஓட்டுநர்கள் பத்துப் பதினைந்து பேர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதிகாரி சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். முன்னால் நின்ற வண்டியின் பின்கதவருகே போனார். முட்டி வலிக்கிறவர் போலிருக்கிறது. பின்கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். பம்பரிலிருந்து இரண்டு மீட்டர் பத்து என்று பாதுகாப்பு அதிகாரி அளந்து சொன்னார். அதிகாரி தலையைத் திருப்பிப் பானெட்டைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மேடம்?” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“அவர் சீட்லதான இருக்காரு?”

“இருக்காரு மேடம்.”

“நேரா நிமிந்து உக்காந்திருக்காரா? சாஞ்சுக்கலையே?”

“நேராத்தான் இருக்காரு.”

“கையைத் தூக்கச் சொல்லுங்க.”

அவன் கையைத் தூக்கினான். கீழே குந்தியிருந்தவரின் பார்வை பானெட்டின் திமிலுக்கு மேலே எங்கேயோ ஓரிடத்தில் நின்றது. “விரல் தெரியுது” என்றார் அதிகாரி. “விரல் மட்டும்தான் தெரியுது.” வண்டிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. “மேடம் எங்க நிக்கறாங்க?” அவன் நிஜமாகவே கேட்டான். அவன் கண்ணுக்கு முன்னால் யாருமே இல்லை.

அதிகாரி உடனே எழவில்லை. தரையில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஓடாத வண்டிதான், சாவியும் தன் பையில்தான். ஆனாலும் அவர் முகம் வெளிறியிருந்தது. பிறகு அவளைத் தேடி நிமிர்ந்து, கை நீட்டினார். அவள் ஓடிப் போய்த் தூக்கிவிட்டாள்.

எழுந்து நின்றதும் அதிகாரி திரும்பியது பொறியாளரிடம். “மெத்தைன்னு இவங்க சொன்னாங்களே. அப்படி ஒண்ணு இருந்துச்சா?”

மூக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொறியாளர் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“என் அலமாரியில இருக்கு மேடம்.”

“எடுத்துட்டு வாங்க.”

மெத்தையோடு ஒரு ஃபைலையும் அவர் எடுத்து வந்தார். உயர்த்துகிற சீட்டு கேட்டு எழுதியதும், முடியாது என்று வந்த பதிலும் அதில் இருந்தன. பதிலில் மூக்கின் கையெழுத்து இருந்தது.

அன்று மாலை யார்டிலிருந்த அத்தனை பிக்கப்பையும் நகர்த்தக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் கணவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பொறியாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். மூக்கு நீண்ட விடுப்பில் போனார். என்ன ஆனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பொய்யான சோதனைக்குக் கையெழுத்துப் போட்டதற்காக அவளை இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அவள் அதை எதிர்த்து எழுதவில்லை. இன்ஜினைத் தாழ்த்திப் பின்னுக்குத் தள்ளி, பானெட்டைச் சரித்து, வண்டியை மறுபடி வரைய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

வீட்டில் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. விசாரணை முடிந்து வந்த அன்று அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

“மூணு நாள். மூணு நாள் நான் இந்த நாற்காலியில உக்காந்து, ஒருவேளை நான்தான் எறங்கிட்டேனோ, பித்துப் பிடிச்சு மறந்துட்டேனோன்னு யோசிச்சேன். உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“பயந்துட்டேங்க.”

“என்கிட்டயா?”

அவள் அவன் கழற்றிய செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள். அவன் கோபமாகச் சாப்பிட்டான், கோபமாகப் படுத்தான். அது ஆற ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. அவளும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் உட்கார்ந்த இரண்டு மாதமும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். முதல் நாளே ஸ்டிக்கர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெத்தை, எழும்பியது, லாரி காத்திருந்தது, எதையும் விடவில்லை. அக்கா கேட்டு முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “போயிட்டு அப்பறம் வா” என்றார். அவள் போய்விட்டு மறுநாள் வந்தாள். அன்றும் அக்கா பேசவில்லை. நாலாம் நாள், “வெறுங்கையோட உக்காந்திருக்காம அந்தச் சீப்பை எடு, தலை சிக்குப் பிடிச்சுக் கெடக்கு” என்றார். அவள் கட்டிலுக்குப் பின்னால் நின்று சிக்கெடுத்தாள்.

எடையைக் கழற்றிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் பழக்கினார்கள். அவள் கணவனும் வந்திருந்தான். அக்காவை நேருக்கு நேர் பார்க்க அவனுக்கு அவ்வளவு நாள் ஆயிற்று. வாசல் பக்கமே நின்றிருந்தவனை அக்கா கூப்பிட்டார்.

“அங்க என்ன ஒளிஞ்சு நிக்கற? வா, இந்தப் பக்கம் பிடி. உன் பொண்டாட்டி தோளு எனக்கு ரொம்பத் தாழ இருக்கு. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழன்னு படகு மாதிரி போறேன்.”

அவன் குனிந்து பிடித்தான். அவள் மறுபக்கம் பிடித்தாள். நடைக்கூடத்தில் எதிரே வந்த நர்ஸ் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, நடுநடுவே இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு, அன்றைக்குப் பதினோரு அடி நடந்தார்.